ஏழு கண்டமும் ஒரு காலடியும்

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர், இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் சுரேஷ்குமார் அவர்களே! எழுபது வயதில் எனக்கு எழுத்து என்னும் கண்ணைத் திறந்துவைத்த ஆசிரியை அருணாதேவி அவர்களே! பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு, அவர்கள் படைத்த கண்காட்சியைப் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! அரை நாள் விடுப்புக் கேட்டு ஓடிவந்து, வேப்பமரத்தடியில் வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருக்கும் தந்தைமார்களே! மாலை வகுப்பில் என்னோடு மல்லுக்கு நிற்கும் மாணவத் தோழர்கள் சடையன், பச்சையம்மாள் ஆகியோரே! உலகத்தையே உருட்டிக்கொண்டு வந்து இந்த வேங்கிக்கால் பள்ளிக்கூடத்துக்குள் வைத்திருக்கும் செல்லப் பிள்ளைகளே! முன்வரிசையின் ஓர நாற்காலியில் அமர்ந்து, என்னைப் பார்க்காமல், இந்த ஒலிபெருக்கியின் ஒயரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி திரௌபதி அவர்களே! அனைவருக்கும் அப்பாசாமியின் அன்பு நிறைந்த, ஆசை நிறைந்த, கொஞ்சம் அச்சமும் நிறைந்த வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. நான் இப்போது வாசிக்கும் இந்தத் தாளை நாளை பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஒட்டிய பிறகு படிக்க வருகிறவர்களுக்கு இந்த மன்னிப்பு. என் கையெழுத்து, பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிற கூட்டத்தைப் போல இருக்கும். சில எழுத்துகள் விறுவிறுவென்று முன்னே போகும். சில எழுத்துகள் கால் வலித்துப் பாதியில் உட்கார்ந்திருக்கும். சில கொம்புகள் தாயைத் தவறவிட்ட பிள்ளைபோல அடுத்த எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் எல்லாம் ஒரே மலையைத்தான் சுற்றுகின்றன. பொறுமையாகப் பாருங்கள், பொருள் கிடைத்துவிடும்.

நான் யார்? கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிய டயர் வண்டியை ஓட்டியவன். வயதானபின் மகனோடு வேங்கிக்காலில் குடியேறியவன். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டியவன். கைரேகை ஒன்றே என் பெயர் என்று கிடந்தவன். இப்போது உங்கள் முன்னால் என் பெயரை ஐந்து எழுத்தில் எழுதத் தெரிந்தவனாக நிற்கிறேன். 'அ'வில் தொடங்கும் பெயர் வைத்த என் அப்பனுக்கு நன்றி. முதல் நாளே முதல் எழுத்து முடிந்துவிட்டது!

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் நான் கைதட்டல் வாங்க வரவில்லை. பிள்ளைகளே, உங்களோடு சில சொற்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீங்கள் ஆறாம் வகுப்பில் போகிறபோக்கில் படித்துவிட்டுப் போகிற சொற்கள் அவை. எங்களைப் போன்றவர்களுக்கு அவை பள்ளமும் மேடுமான பாதை. தடுக்கி விழுந்திருக்கிறோம். விழுந்த இடத்தில்தான் சில சமயம் புதையலும் கிடைத்திருக்கிறது.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற புத்தகத்தை நாங்கள் முடித்த மாலையில், "அடுத்தது இன்னா டீச்சரம்மா?" என்று கேட்டார் சடையன். அருணாதேவி அவர்கள், பகலில் உங்களுக்கு நடத்துகிற சமூக அறிவியல் பாடத்தையே எடுத்து எங்கள் முன்னால் வைத்துவிட்டார்கள். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு சொல். தீபகற்பம்.

"தீபகற்பம்னா என்னன்னு யாராச்சும் சொல்லுங்க பார்க்கலாம்" என்றார்கள்.

சடையன் கையைத் தூக்கினார். "இது ஒரு கேள்வியா? நம்ம ஊருதான் டீச்சரம்மா! கார்த்திகையில மலை மேல தீபம் ஏத்துறோமே, அதைச் சொல்றாங்க."

பச்சையம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா இரு சடையா. முழுசாப் படி. தீபத்துக்குப் பின்னால கற்பம்னு வருதுல்ல? தீபத்தன்னிக்குத் தங்குன கர்ப்பம். எங்க சின்னவன் அப்படித்தான். அதனாலதான் அவனுக்குக் கோவம் ஜாஸ்தி."

வகுப்பே குலுங்கியது. அருணாதேவி அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பச்சையம்மா, நீயே இப்போது சிரிக்கிறாய், நான் பொய் சொல்லவில்லையே?

சிரித்து முடித்தபின் விளக்கினார்கள். இந்தத் தீபம் விளக்கு இல்லை, தீவு. அந்தச் சொல் வடமொழி வழியாக வந்து நம் வாயில் தீபம் ஆகிவிட்டது. மூன்று பக்கம் நீர், ஒரு பக்கம் நிலம், அதுதான் தீபகற்பம். தீவாக வேண்டியது, ஒரு பக்கத்தால் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

அன்று வீட்டுக்கு நடந்துபோகும்போது நான் யோசித்தேன். மருந்துச் சீட்டில் தண்ணீர், பேருந்தின் நெற்றியில் தண்ணீர், அலுவலகத்துப் பலகையில் தண்ணீர். எங்கே திரும்பினாலும் எனக்குப் புரியாத எழுத்தின் கடல். "இந்த பஸ் எங்க போகுதுங்க?" என்று கேட்டுக் கேட்டே காலம் கழித்த நான் யார்? தீவு! நாற்புறமும் நீர் சூழ்ந்த நடுவயதுத் தீவு, பிறகு நரைத்த தீவு! இந்தப் பள்ளிக்கூடத்தின் மாலை வகுப்பில் என் ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மண் சேர்ந்தது. அந்த மண் வழியாக இன்று உங்களிடம் நடந்துவந்திருக்கிறேன். நான் இப்போது தீபகற்பம் ஆகிவிட்டேன், ஐயா!

அடுத்த சொல், நாகரிகம். இதற்கு எனக்கு அர்த்தம் தெரியும் என்றே நினைத்திருந்தேன். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சீவினால் நாகரிகம். என் மகன் கல்யாணத்துக்குக் கோட்டு போட்டபோது, "பாரு, நாகரிகம் வந்துடுச்சு" என்று ஊரே சொன்னது. அப்படியிருக்க, புத்தகத்தில் எகிப்து நாகரிகம், சுமேரிய நாகரிகம், சிந்துவெளி நாகரிகம் என்று எழுதியிருந்தால் நான் என்ன நினைப்பேன்? அந்தக் காலத்திலேயே அவ்வளவு பேர் கோட்டு போட்டிருந்தார்களா?

இல்லை. ஆற்றங்கரையில் அவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுதான் முதல் நாகரிகம். அலைந்தவன் அமர்ந்தான். அமர்ந்தவன் விதைத்தான். விதைத்தவன் விளைச்சலுக்குக் காத்திருந்தான். காத்திருந்தவன் வீடு கட்டினான். வீடு ஊராயிற்று, ஊர் நகராயிற்று. நைல் ஆற்றங்கரையில் அப்படி ஒரு கூட்டம். யூப்ரடீசு, டைகிரிசு என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் அப்படி ஒரு கூட்டம். அந்த நிலத்துக்கு மெசபடோமியா என்று பெயர், அதாவது இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு.

நான் வகுப்பில் எழுந்து கேட்டேன்: "டீச்சரம்மா, நமக்கு வடக்கால செய்யாறு, தெக்கால தென்பெண்ணை. அப்ப நாமளும் மெசபடோமியாதான?"

"ஆமாங்க ஐயா. ஆத்துல தண்ணிதான் கம்மி" என்றார்கள் அவர்கள்.

சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெருமூச்சு இருக்கிறதா இல்லையா? அதைப் பற்றி நீங்கள் வளர்ந்தபின் யோசியுங்கள். ஆறு இருந்ததால் ஊர் இருந்தது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அந்த மெசபடோமியாவில், சுமேரியர் ஈரக் களிமண்ணைப் பலகையாகத் தட்டி, நாணல் குச்சியால் குத்திக் குத்தி எழுதினார்களாம். ஆப்பு போன்ற வடிவம் என்பதால் அதற்கு ஆப்பெழுத்து என்று பெயர். "எழுத்தே எனக்கு ஆப்புதான்" என்றார் சடையன். ஆனால் நான் சிரிக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் களிமண்ணின் மேல் முதன்முதலாகக் குச்சியை அழுத்தியவனுக்கு அது வழுக்கியிருக்காதா? கோடு கோணலாகப் போயிருக்காதா? பக்கத்தில் இருந்தவன், "இன்னாய்யா இது, கோழி கிளறுனாப்புல?" என்று கேட்டிருக்கமாட்டானா? கேட்டிருப்பான். அவனும் என்னைப் போலவே நாக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டு மறுபடியும் அழுத்தியிருப்பான். அவன் முகம் எனக்குத் தெரியாது, பெயர் தெரியாது. ஆனால் அவன் என் வகுப்புத் தோழன்.

இனி நான் சொல்ல வந்த சொல்லுக்கு வருகிறேன். திரௌபதி, பயப்படாதே. உன்னைப் பற்றித்தான், ஆனால் நல்லதாகத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தச் சொல், கண்டம்.

தாய்மார்களே, கண்டம் என்றால் என்ன? பிள்ளைகள் சொல்வார்கள், பெரிய நிலப்பரப்பு என்று. நீங்கள் என்ன சொல்வீர்கள்? பார்த்தீர்களா, முன்வரிசையில் ஓர் அம்மா இப்போதே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்! நமக்குக் கண்டம் என்றால் உயிருக்கு வருகிற ஆபத்து. தண்ணியில கண்டம், தீயில கண்டம், வண்டியில கண்டம். சரிதானே?

இந்த ஆண்டு தொடக்கத்தில் திரௌபதி என் சாதகத்தைக் கொண்டுபோய் ஒரு சோதிடரிடம் காட்டினாள். அவர் கட்டத்தைப் பார்த்தார், விரலை மடக்கினார், மூக்கைச் சொறிந்தார். "உங்க வூட்டுக்காரருக்கு இந்த வருசம் ஒரு கண்டம் இருக்குதும்மா. அதைத் தாண்டிட்டாருன்னா தொண்ணூறு வரைக்கும் அசைக்க முடியாது" என்றார். தொண்ணூறு என்ற சொல் அவள் காதில் விழவில்லை. கண்டம் மட்டும் விழுந்தது.

அன்றிலிருந்து என் வாழ்க்கை எப்படி இருந்தது தெரியுமா? ஏணியில் ஏறக்கூடாது. மகனின் பைக்கில் உட்காரக்கூடாது. மீன் சாப்பிட்டால் முள்ளை அவளே எடுத்துத் தருவாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் கடைசியாக ஒன்று சொன்னாள். "சாயங்காலம் பள்ளிக்கூடம் போறதை நிறுத்துங்க. வேலூர் ரோட்டைத் தாண்டித்தான போகணும்? லாரி வர்ற வரத்தைப் பாத்தீங்களா?"

அங்கேதான் எனக்கு வலித்தது. ஏணி போகட்டும், பைக் போகட்டும். இந்த வயதில் எனக்குக் கிடைத்த ஒரே மண் இந்த வகுப்புதான். அதையும் கடல் கொண்டுபோவதா? கெஞ்சினேன். கோபித்தேன். சோறு வேண்டாம் என்றேன். "பசிச்சா தானா வருவீங்க" என்றாள். பசித்தது, வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியில், இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறேன் என்று சத்தியம் செய்து, அரைமனதோடு அனுமதி வாங்கினேன்.

அந்த அரைமனதும் ஒரே வாக்கியத்தில் போயிற்று. ஒரு நாள் கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். அதுவரை நான் எழுத்து எழுத்தாகத்தான் படிப்பேன். அன்று முதன்முதலாக ஒரு முழு வாக்கியத்தை, ஓர் இடத்திலும் நிற்காமல், ஒரே மூச்சில், தண்ணீர் ஓடுவதுபோல வாசித்துவிட்டேன். எந்த வாக்கியம் தெரியுமா?

"உலகில் ஏழு கண்டங்கள் உள்ளன!"

கத்தி நின்றது.

"இன்னா சொன்னீங்க?"

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். "கேட்டியாமே? நிக்காமப் படிச்சிட்டேன்!"

"இன்னொரு தபா படிங்க."

இன்னும் உரக்கப் படித்தேன். "உலகில் ஏழு கண்டங்கள் உள்ளன!"

"யாரு சொன்னது?"

"புக்குல போட்டிருக்குது."

"புக்குலயே போட்டுட்டானா!" என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஒரு கண்டத்துக்கே நான் தூங்கி எத்தனை நாளாச்சு! ஏழுக்கு நான் எந்தக் கோயிலுக்குப் போவேன்?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது. அவள் அழுதுகொண்டிருந்தாள். உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். நான் எத்தனை விளக்கியும் கேட்கவில்லை. "நிலமாவது, பரப்பாவது? நீங்க நேத்து எழுத்துப் படிச்சவரு. ஜோசியரு பரம்பரையாப் படிச்சவரு" என்று ஒரே போடாகப் போட்டாள். மறுநாள் புத்தகம் அரிசி டிரம்முக்குள் போய்விட்டது. வாசற்கதவுக்கு உள்பக்கம் பூட்டு வந்துவிட்டது.

வகுப்பில் என் இடம் காலியாயிற்று. வாரம் முடிந்ததும் அருணாதேவி அவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை. பைக்குள் உலக உருண்டை. கூடத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். திரௌபதி தள்ளி நின்று, பாம்பாட்டியின் கூடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இதான் அம்மா பூமி. இந்த நீலமெல்லாம் கடல். கலர் கலரா இருக்கிறது கண்டம். கண்டம்னா துண்டு. காய் அரிஞ்சா துண்டு விழுதுல்ல, அந்த மாதிரி நிலம் துண்டு துண்டா இருக்குது."

"இதுல இவருது எது?"

"ஐயா இருக்கிற கண்டம் ஆசியா. இதோ."

"நான்?"

"நீங்களும் ஆசியாதான். நானும்தான்."

"அந்த ஜோசியரு?"

அருணாதேவி அவர்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். "அவரும் ஆசியாதாம்மா."

திரௌபதி கிட்டே வந்து அந்த உருண்டையை ஒரு விரலால் உருட்டினாள். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி! அவையோரே, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பீர்களா, நான்தான் கேட்டிருப்பேனா?

"அப்ப, இவரு இந்த ஆசியாவை விட்டு வெளியில போனாத்தான கண்டம்?"

ஆசிரியை உருண்டையை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். "வெளியில போனா வேற கண்டம்மா."

"பள்ளிக்கூடம் ஆசியாவுலதான இருக்குது?"

"ஆசியாவுலதாம்மா இருக்குது."

"அப்ப போகட்டும்" என்றாள். அரிசி டிரம்மைத் திறந்தாள். புத்தகத்தைத் தட்டி, அரிசியை உதறி, என் கையில் கொடுத்தாள். "ஆசியாவைத் தாண்டாம போயிட்டு வாங்க."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நானும் அன்று சிரித்துக்கொண்டேதான் வேலூர் சாலையைக் கடந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தச் சம்மதத்துக்கு அடியில் அச்சம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு மாலையும் வகுப்பு முடியும்போது பள்ளி வாசலில் அவள் நிற்பாள். என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கவைப்பாள். நேற்று இரவுகூட, "மேடையில ஏறாதீங்க, கீழ நின்னே பேசுங்க, ஒயரு கியரு இருக்கும்" என்றாள். அச்சத்தை அறிவால் ஒரே நாளில் துடைக்கமுடியாது, பிள்ளைகளே. அன்பிலிருந்து வந்த அச்சத்தை ஒருபோதும் ஏளனத்தால் துடைக்கமுடியாது.

தாளில் எழுதியது இவ்வளவுதான். கீழே வைத்துவிடுகிறேன். இனிச் சொல்லப்போவது இன்று காலையில் நடந்தது. எழுத நேரமில்லை.

விளையாட்டுத் திடலில் நம் பிள்ளைகள் கலர்ப்பொடியால் ஒரு பெரிய உலக வரைபடம் போட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பு கவிநிலாவின் கைவண்ணம் அது. நீங்கள் எல்லோரும் பார்க்கப்போகிறீர்கள். நானும் திரௌபதியும் முதல் ஆளாக வந்துவிட்டோம். திடலில் வேறு யாருமில்லை. நான் ஒவ்வொரு பெயராகக் கூட்டிப் படித்தேன். "ஆசியா. ஆஸ்திரேலியா. அண்டார்டிகா…"

திரௌபதி என் கையைப் பற்றினாள். "ஏங்க, ஏழும் இருக்குதா?"

"ஏழும் இருக்குது."

"செருப்பைக் கழட்டுங்க."

"இன்னாத்துக்கு?"

"ஜோசியரு இன்னா சொன்னாரு? கண்டத்தைத் தாண்டிட்டா தொண்ணூறுன்னு சொன்னாருல்ல? தாண்டிடுவோம். ஏழையும் தாண்டிடுவோம். மிதிக்காமத் தாண்டணும். வலமா வாங்க."

ஐயா! அம்மா! நான் அவளை என்னவென்று சொல்வேன்? எந்தச் சொல் அவளை அழவைத்ததோ, அந்தச் சொல்லையே பிடித்து அவள் பரிகாரம் ஆக்கிவிட்டாள்! தான் பயந்த பாம்பையே பிடித்துத் தாம்புக்கயிறாக்கிவிட்டாள்!

"நீ எதுக்கு வர்ற? கண்டம் எனக்குத்தான?" என்று கேட்டேன்.

"உங்களுக்குன்னா அது எனக்கு இல்லியா? பேசாம வாங்க" என்றாள்.

மலையை எத்தனையோ முறை சுற்றியவர்கள் நாங்கள். இன்று உலகைச் சுற்றினோம். கவிநிலா திருவண்ணாமலைக்கு வைத்திருந்த சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, கடலை ஒட்டிய குறுகிய முனையில் முதலில் ஆசியாவைத் தாண்டினோம். முறம் அளவு ஆஸ்திரேலியா, ஒரே எட்டில் தாண்டியாயிற்று. கீழே வெள்ளையாக அண்டார்டிகா. "இது இன்னா வெள்ளையா?" "பனி." "சளி புடிச்சுக்கும், சீக்கிரம் தாண்டுங்க." தென் அமெரிக்கா, ஒடுக்கமான இடம் பார்த்துத் தாண்டினோம். வட அமெரிக்கா, மூச்சு வாங்கியது. ஐரோப்பா, எளிது. எஞ்சியது ஆப்பிரிக்கா.

ஆப்பிரிக்கா பெரிது. என் முழங்கால் பழையது. தாவினேன். எட்டவில்லை. மஞ்சள் பொடியின் நடுவில், நைல் ஆற்றை நீலமாக இழுத்திருந்த இடத்தில், என் வலது கால் பதிந்துவிட்டது.

"போச்சு!" என்றாள் திரௌபதி. அந்தச் சொல்லை அவள் சொன்ன விதத்தை என் காது மறக்காது. என் கையை இன்னும் இறுகப் பிடித்தாள். "ஆறையும் தாண்டிட்டு ஏழாவதை மிதிச்சிட்டீங்களே. இப்ப இன்னா பண்றது?"

அப்போதுதான் கவிநிலா பொடி டப்பாவோடு ஓடிவந்தாள். "ஐயோ, என் ஆப்பிரிக்கா! தாத்தா, நேத்து முழுக்கப் போட்டேன் தாத்தா!" அவளும் அழுகிற முகம். இந்தப் பக்கம் திரௌபதியும் அழுகிற முகம். நடுவில் ஒற்றைக்காலில் நான்.

திரௌபதி சொன்னாள்: "பாப்பா, கோவிச்சுக்காத. இவருக்கு ஒரு கண்டம். தாண்டவெச்சேன், மிதிச்சிட்டாரு."

கவிநிலா குனிந்து என் கால்தடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "பரவால்ல பாட்டி. உலகத்துல மனுசங்க முதல்ல கால் வெச்சதே ஆப்பிரிக்காவுலதான். அங்க பொறந்துதான் மத்த எடத்துக்கெல்லாம் போனாங்களாம். டீச்சர் சொன்னாங்க."

"யாரு? வெள்ளைக்காரங்களா?"

"எல்லாரும் பாட்டி. நாம கூட."

திரௌபதி அந்தக் கால்தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை மாதமாக அந்த நெற்றியில் கிடந்த முடிச்சு மெதுவாக, மெதுவாக அவிழ்ந்தது.

"அப்ப இது கண்டம் இல்லீங்க" என்றாள். "பொறந்த வூடு. பொறந்த வூட்டுல கால் வெச்சா குத்தமா? நல்லா ஊணி நில்லுங்க."

என் இடது காலையும் எடுத்து வைத்தேன். அவளும் வந்து பக்கத்தில் நின்றாள்.

அவையோரே! எங்கே போய்விட்டது அந்தக் கண்டம்? கட்டத்தில் இருந்த கண்டம் எங்கே? கண்ணீரில் இருந்த கண்டம் எங்கே? ஒரு குழந்தை சொன்ன ஒரு செய்தியில், ஒரு தாய் கண்ட ஓர் உறவில், ஆபத்து அன்னை வீடாயிற்று! ஒரே வீட்டில் பிறந்தோம். ஆற்றோரம் ஆற்றோரமாகப் பிரிந்தோம். நைலுக்கு ஒருவன் போனான், சிந்துவுக்கு ஒருவன் போனான், செய்யாற்றுக்கு ஒருவன் வந்தான். நிலம் துண்டானது, உண்மை. கண்டம் என்றாலே துண்டு, அதுவும் உண்மை. ஆனால் துண்டான நிலத்தின் மேல் துண்டாகாமல் நிற்கிற ஒன்று உண்டா இல்லையா? அது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். என் கையை விடாமல் ஏழு கண்டமும் சுற்றிவந்த அந்தக் கையைக் கேளுங்கள்!

பிள்ளைகளே, உங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லும் இப்படித்தான் இருக்கிறது. பயமுறுத்துகிற சொல்லைக் கண்டால் ஓடிவிடாதீர்கள். நின்று, அதன் முகத்தைப் பாருங்கள். தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த உருண்டையை ஒரு சுற்று சுற்றிக் காட்டுங்கள்.

என் கால்தடத்தை அழிக்கட்டுமா என்று கவிநிலாவைக் கேட்டேன். "வேணாம் தாத்தா, இருக்கட்டும்" என்றாள். எனவே திடலுக்குப் போகிறவர்கள் நைல் ஆற்றங்கரையில் ஒரு பெரிய பாதத்தையும், அதற்குப் பக்கத்தில் மெட்டி போட்ட விரல் பதிந்த ஒரு சின்னப் பாதத்தையும் பார்ப்பீர்கள். அவற்றின் மேல் மட்டும் நடந்துவிடாதீர்கள். குடியிருக்கிறார்கள்.

எழுத்தைத் தந்த ஆசிரியைக்கும், இடத்தைத் தந்த தலைமையாசிரியருக்கும், உலகத்தைத் தந்த பிள்ளைகளுக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், ஒயரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இப்போது என்னைப் பார்க்கிற திரௌபதிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. காலையில் நடந்ததையெல்லாம் தாளில் எழுதாமலே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அதையும் எழுதிக் கொண்டுவந்து அறிவிப்புப் பலகையில் இதற்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். கொஞ்சம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் கடைசி வரியை எழுதப்போவது நான் இல்லை. படத்தில் நீலமாகக் கிடந்த பெரிய கடலைக் காட்டி, "இதுக்குப் பேரு?" என்று திரௌபதி கேட்டாள். "பசிபிக்" என்றேன். "பசியா? இவ்ளோ பெரிய பசியா? அதை நானே எழுதுறேன். முதல் எழுத்து எப்படிப் போடுறது, காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

இன்று சாயங்காலம் 'ப' தொடங்குகிறோம். வணக்கம்.